வாசகர் கேள்வி: மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஆர்டர் போடுறது யாரு?

போன இதழ்ல "மைட்டோகாண்ட்ரியாவுக்குன்னு சொந்தமா ஒரு டிஎன்ஏ இருக்கு"ன்னு ஒரே ஒரு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிட்டேன், அதுக்குப் போயி கடலூர் பக்கத்துலேர்ந்தும் பாண்டியிலேர்ந்தும் இவ்ளோ கேள்வி வந்து குவியும்னு நெனைக்கல. அதனால இந்த மாசம் முழுக்க அதேதான்: செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவும், செல்லோட பெரும்பாலான டிஎன்ஏ இருக்குற நியூக்ளியஸும். கிரகணத்தப்ப சாப்பிடலாமான்னு கேட்டவங்க கோச்சுக்காதீங்க, சாப்பிடலாம், விவரம் அடுத்த மாசம்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கே சொந்த டிஎன்ஏ இருக்குன்னா அது எதுக்கு நியூக்ளியஸை நம்பி இருக்கணும்? தனிக்குடித்தனம் போயிட வேண்டியதுதானே?
— பிளஸ் டூ மாணவர், நெல்லிக்குப்பம்

தனியாப் போற அளவுக்கு அதுகிட்ட சரக்கு இல்லப்பா தம்பி. மனுஷனோட மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மொத்தமே 16,569 எழுத்துதான், வட்டமா ஒரு சின்ன வளையம், 1981லயே கேம்பிரிட்ஜ்ல உட்கார்ந்து முழுசாப் படிச்சு முடிச்சுட்டாங்க. அதுல இருக்குறது 37 ஜீன், அந்த 37லயும் 22 டிஆர்என்ஏவுக்குப் போயிடுது, 2 ரைபோசோம் ஆர்என்ஏவுக்குப் போயிடுது, மிச்சம் இருக்குற 13தான் புரோட்டீன் செய்யுறதுக்கு. ஆனா ஒரு மைட்டோகாண்ட்ரியா ஒழுங்கா ஓடணும்னா 1,100 வகை புரோட்டீனுக்கு மேல வேணும். அந்த 13 போக மீதி அத்தனையும் நியூக்ளியஸ்ல இருக்குற ஜீன்லேர்ந்து வருது, வெளிய சைட்டோபிளாசத்துல செஞ்சு, விலாசம் ஒட்டி, உள்ள தள்ளி விடுறாங்க.

நம்ம பாண்டியவே எடுத்துக்கயேன். ஏனாம் ஆந்திராவுக்குள்ள கெடக்கு, மாஹே கேரளாவுக்குள்ள கெடக்கு, அவங்களுக்கும் ஆளுக்கொரு எம்எல்ஏ உண்டு, ஆனா 30 பேர் ஓட்டு வாங்கி வந்து உட்கார்ற சட்டசபை இங்க, பட்ஜெட் இங்க, ஜி.ஓ. போடுறதும் இங்க. மைட்டோகாண்ட்ரியா நெலமையும் கிட்டத்தட்ட இதேதான். ஒரு காலத்துல அது தனியாத் திரிஞ்ச பாக்டீரியா, இன்னொரு செல்லுக்குள்ள வந்து தங்குனது அப்படியே நெலைச்சிடுச்சு, இதை 1967ல லின் மார்குலிஸ் எழுதினப்ப நெறைய பேர் சிரிச்சாங்க, இன்னைக்கு உன் பாடப்புத்தகத்துலயே இருக்கு. தங்குன இந்த நூறு கோடி வருஷத்துக்கும் மேலான காலத்துல அதோட ஜீன்கள்ல பலது தொலைஞ்சு போச்சு, பலது நியூக்ளியஸுக்கு எடம் மாறிடுச்சு.

இதுல தலைவலி எங்கன்னா, ஏடிபி, அதாவது செல்லுக்குச் சக்தி குடுக்குற சரக்கு, அதைச் செய்யுற மெஷின்கள் எல்லாம் கலப்புக் கட்டுமானம். காம்ப்ளெக்ஸ்னு பேர், பல புரோட்டீன் பாகம் சேந்தது, மொத்தம் அஞ்சு. முதல் காம்ப்ளெக்ஸ்ல 45 பாகம் இருக்கு, அதுல 7தான் உள்ளூர் தயாரிப்பு. ரெண்டாவது காம்ப்ளெக்ஸ் 4 பாகமும் வெளிய செஞ்சது. மூணாவதுல 11க்கு 1 உள்ளூர். நாலாவதுல, பழைய கணக்குப்படி 13ன்னு வச்சுக்க, 3 உள்ளூர் 10 வெளியூர். அஞ்சாவதுல 2 உள்ளூர். அப்போ ஒரு பக்கம் நெறைய செஞ்சு இன்னொரு பக்கம் கம்மியா செஞ்சா என்ன ஆகும்? மிஞ்சுன பாகம் ஜோடி கிடைக்காம அங்கேயே கெடந்து இடைஞ்சல் பண்ணும், அதை வெட்டிப் போடுறதுக்குன்னு தனியா என்சைம் வேணும், ஏடிபியும் கொறையும். ரெண்டு எடத்துலயும் ஒரே நேரத்துல ஒரே அளவுல வேலை நடக்கணும். அதை யார் பாத்துக்கறா? அடுத்த கேள்வி அதுதான்.

நியூக்ளியஸ்ல 20,000 ஜீன் பக்கம் இருக்குன்னு படிச்சேன். அதுல மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய ஜீன்கள் ஒரே எடத்துல வரிசையா இருக்கா? இல்லேன்னா எல்லாம் எப்படி ஒண்ணா ஆன் ஆகுது?
— பி.எஸ்சி. விலங்கியல் ரெண்டாம் வருஷம், கடலூர்

நல்ல கேள்விம்மா, இந்தக் கேள்விக்குத்தான் இந்த மாசம் அதிக எடம் ஒதுக்கப் போறேன். வரிசையா எல்லாம் இல்ல, வேற வேற குரோமோசோம்ல செதறிக் கெடக்கு. எடத்தால ஒண்ணு சேராம அடையாளத்தால ஒண்ணு சேருதுங்க. ஒவ்வொரு ஜீனுக்கும் முன்னாடி புரோமோட்டர்னு ஒரு பகுதி இருக்கும்ல, அங்க குறிப்பிட்ட எழுத்து வரிசை இருந்தா, அதைப் பாத்து வந்து ஒட்டிக்கிற புரோட்டீன்தான் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர். ஒரே வரிசை நூறு ஜீன் முன்னாடி இருந்தா ஒரே ஃபேக்டர் நூறு ஜீனையும் சேத்துக் கிளப்பி விடலாம்.

இதைக் கண்டுபிடிச்ச கதை சின்னது, ஆனா அழகு. சிகாகோவுல நார்த்வெஸ்டர்ன் யூனிவர்சிட்டியில ரிச்சர்ட் ஸ்கார்பல்லான்னு ஒருத்தர், எலியோட சைட்டோகுரோம் சி (மைட்டோகாண்ட்ரியாவுல எலக்ட்ரானைக் கடத்துற ஒரு புரோட்டீன்) ஜீனை எடுத்து அதோட புரோமோட்டர்ல எது எது ஒட்டுதுன்னு பாத்துக்கிட்டு இருந்தார். 1989ல அவரும் அவர் லேப்ல இருந்த எவன்ஸும் அங்க ஒட்டுற புதுசா ஒண்ணைப் பிடிச்சாங்க, அதுக்கு நியூக்ளியர் ரெஸ்பிரேட்டரி ஃபேக்டர்-1, சுருக்கமா என்ஆர்எஃப்-1ன்னு பேர் வச்சாங்க. அது ஒட்டுற எடம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: டி-ஜி-சி-ஜி-சி-ஏ-டி-ஜி-சி-ஜி-சி-ஏ. ஒரு பென்சில் எடுத்து இதைக் கடைசியிலேர்ந்து பின்னோக்கி எழுது, அப்புறம் ஏ இருந்தா டி, டி இருந்தா ஏ, ஜி இருந்தா சி, சி இருந்தா ஜின்னு மாத்து. எழுதுனியா? அதே வரிசை திரும்ப வந்துடும். டிஎன்ஏவோட ரெண்டு இழையையும் அதது திசையில படிச்சா வரிசை ஒண்ணுதான். அது ஏன் அப்படின்னா என்ஆர்எஃப்-1 தனியா வந்து உட்காராது, ரெண்டு ஒண்ணா ஜோடி சேந்து வரும், ஆளுக்குப் பாதி. வரிசையில ஒரு பாதியில ஒரு எழுத்தை மாத்துனாக்கூட பிடி தளர்ந்துடும். பரீட்சைக்குப் படிக்கிறப்ப இந்தப் பன்னெண்டு எழுத்தை மட்டும் ஒருதடவை கையால எழுதிப் பாத்துட்டா மத்தது தானா மனசுல நிக்கும், நோட்ஸை உருப்போட வேணாம்.

இதே வரிசையை மத்த ஜீன்கள்ல தேடுனா அங்கங்க கெடச்சிக்கிட்டே இருந்துச்சு. எலக்ட்ரான் கடத்துற காம்ப்ளெக்ஸ்களோட பாகங்கள்ல, வெளிய செஞ்ச புரோட்டீனை உள்ள இழுக்கற வாசல்ல, சைட்டோகுரோமுக்கு வேண்டிய ஹீம் செய்யுற மொத என்சைம் ஜீன்லகூட. இன்னொரு ஃபேக்டர் என்ஆர்எஃப்-2, அதை நாலாவது காம்ப்ளெக்ஸோட ஒரு ஜீன்ல பிடிச்சாங்க, அது ஜி-ஜி-ஏ-ஏங்கற எழுத்து வரிசையைத் தேடி ஒட்டும், ஜிஏபிபின்னு அதுக்கு இன்னொரு பேரும் உண்டு, ஞாபகம் வச்சுக்க, கீழ ஒரு எடத்துல தேவைப்படும். நாலாவது காம்ப்ளெக்ஸ்ல வெளியூர் பாகம் 10ன்னு மேல சொன்னேன்ல, நரம்பு செல்கள்ல அந்தப் பத்து ஜீனையுமே இந்த ரெண்டு ஃபேக்டரும் கட்டுப்படுத்துதுன்னு மார்கரெட் வாங்-ரைலி குழு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுனாங்க. ரெண்டு மூணு ஜீனுக்குக் காட்டிட்டு "மத்ததும் இப்படித்தான் இருக்கும்"னு விட்டுடாம பத்தையும் பாத்தாங்க பாரு, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை.

சரி, நியூக்ளியஸ் பக்கம் ஓகே, மைட்டோகாண்ட்ரியா உள்ள இருக்குற 13 ஜீன்? இங்கதான் சூட்சுமம். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் படிக்கிறதுக்கு வேண்டிய ஆளுங்களும் நியூக்ளியஸ் ஜீன்லேர்ந்துதான் வரணும். அதுல முக்கியமான ஆள் டிஎஃப்ஏஎம், டீஃபாம்னு கூப்பிடுவாங்க, அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள போயி அந்த வளையத்தைச் சுத்திச் சுருட்டி வைக்கும், ஜீன் படிக்கிறதை ஆரம்பிச்சும் வைக்கும். டீஃபாமோட புரோமோட்டரைப் பாத்தா அங்கயும் என்ஆர்எஃப்-1, என்ஆர்எஃப்-2 ஒட்டுற எடம்! 1994ல வந்த சேதி இது. டீஃபாம் கூட நின்னு வேலை பாக்குற டிஎஃப்பி2எம் ஜீனுக்கும் அதேதான்னு அப்புறம் தெரிஞ்சுது. அதாவது ஒரே ஃபேக்டர் இந்தப் பக்கம் வெளியூர் பாகங்களையும் செய்யச் சொல்லுது, அந்தப் பக்கம் உள்ளூர் பாகங்களைச் செய்யுற ஆளையும் அனுப்பி வைக்குது. ரெண்டு எடமும் தாளம் தப்பாம போறதுக்குப் பெரிய காரணம் இதுதான்.

இது இல்லேன்னா என்ன ஆகும்னு எலியில பாத்தாச்சு. டீஃபாம் ஜீன் ரெண்டு காப்பியும் இல்லாத எலிக்கரு பத்து நாள் வாக்குலயே போயிடுது, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவே கரைஞ்சு போயிடுது, 1998ல வந்த ஆய்வு. என்ஆர்எஃப்-1 இல்லேன்னா அதுவும் தாங்காது, ஒரு வாரத்துக்குள்ளயே முடிஞ்சுது. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், என்ஆர்எஃப்-1 மைட்டோகாண்ட்ரியாவுக்கு மட்டும் வேலை பாக்குற ஆள் கெடையாது, செல் பிரியறதுக்கு வேண்டிய ஜீன்கள் முன்னாடியும் உட்காரும், அதனால எலி செத்ததுக்கு மைட்டோகாண்ட்ரியா மட்டும்தான் காரணம்னு எழுதி மார்க் கொறைச்சுக்காத.

ரிட்டயர் ஆயிட்டேன். தெனமும் சாயங்காலம் பீச் ரோட்ல வண்டி நிறுத்துனதும் காந்தி சிலையிலேர்ந்து டூப்ளே சிலை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவேன். நடந்தா மைட்டோகாண்ட்ரியா கூடும்னு டாக்டர் சொன்னார். நடக்குறது கால், ஜீனுக்கு எப்படி சார் தெரியும்?
— வாசகர், குருசுக்குப்பம், புதுச்சேரி

கால் சொல்லித்தான் சார் தெரியுது, வேற யாரும் சொல்றதில்ல. தசை ஒவ்வொரு தடவை சுருங்குறப்பவும் உள்ள கால்சியம் அவிழ்ந்து விடும். ஏடிபி செலவாகி செலவாகி ஏஎம்பின்னு ஒண்ணு ஏறும். இந்த ஏஎம்பி ஏறுறதைக் கவனிக்கவே ஏஎம்பிகேன்னு ஒரு என்சைம் இருக்கு, கால்சியத்தைக் கவனிக்க வேற என்சைம்கள் இருக்கு. இவங்க எல்லாரும் போயி முட்டுறது பிஜிசி-1 ஆல்ஃபாங்கற ஒரு புரோட்டீன்கிட்ட.

இவர் கொஞ்சம் விசித்திரமான ஆள். டிஎன்ஏவை நேரடியாத் தொடவே மாட்டார். ஏற்கெனவே டிஎன்ஏ மேல உட்கார்ந்திருக்குற என்ஆர்எஃப்-1, ஜிஏபிபி, ஈஆர்ஆர் ஆல்ஃபா, பிபிஏஆர் மாதிரி ஃபேக்டர்கள் தோள்மேல கையைப் போட்டு, ஜீனைப் படிக்கிற கோஷ்டியைக் கூட்டிட்டு வருவார். 1998ல ப்ரூஸ் ஸ்பீகல்மன் லேப்ல கண்டுபிடிச்சாங்க, அதுவும் தசையைத் தேடிப் போகல, பழுப்புக் கொழுப்பைத் தேடிப் போனாங்க, எலியைக் குளிர்ல வச்சா உடம்பைச் சூடாக்குற கொழுப்பு அது, குளிர் அடிச்சா அங்க இவர் எக்கச்சக்கமா ஏறுறார்னு பாத்தாங்க. அடுத்த வருஷமே தசை செல்லுல இவரை ஏத்திவிட்டா என்ஆர்எஃப்களும் ஏறுது, மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுதுன்னு காட்டிட்டாங்க.

ஆனா உடற்பயிற்சிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் சம்பந்தம் இருக்குன்னு இதுக்கெல்லாம் முப்பது வருஷம் முன்னாடியே தெரியும் சார். 1967ல செயின்ட் லூயிஸ்ல ஜான் ஹாலஸின்னு ஒரு டாக்டர் எலிகளை டிரெட்மில்லுல வாரக்கணக்கா ஓட விட்டார், தெனமும் ரெண்டு மணி நேரம் வரைக்கும் ஏத்தி ஏத்தி. கடைசியில தசையை எடுத்துப் பாத்தா ஆக்சிஜனை எடுத்து எரிக்கிற திறன் ரெட்டிப்பாகி இருந்துச்சு. எந்த ஜீன், எந்த ஃபேக்டர்னு அப்ப யாருக்கும் தெரியாது.

உங்க கணக்குக்கு வர்றேன். ஒருநாள் நடந்து முடிச்சதும் சில மணி நேரத்துல பிஜிசி-1 ஆல்ஃபாவோட ஆர்என்ஏ ஏறும், மறுநாளுக்குள்ள பழைய எடத்துக்கே எறங்கிடும். ஒருநாள் ஏறுனதால ஒண்ணும் ஆகாது, ஏறி எறங்கி ஏறி எறங்கி வாரக்கணக்குல புரோட்டீன் சேரணும். விட்டா வேகமாப் போயிடும், அதையும் சொல்லிடறேன், பயிற்சியை நிறுத்துன எலித் தசையில ஏறியிருந்த சைட்டோகுரோம் சி பாதியாக் கொறைய ஒரு வாரம் வாக்குலதான் ஆகுது. அதனால மழைன்னு ஒருநாள் விட்டா பரவால்ல, ஐப்பசி கார்த்திகை முழுக்க விட்டுட்டு தையில வந்து மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க. அப்புறம் ஜாலியா பேசிக்கிட்டு கடலை வாங்கித் தின்னுக்கிட்டு நடந்தா ஏஎம்பி எங்க ஏறும்? பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் இருந்தா சரி. இதய மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்கன்னா வேகத்தை டாக்டரைக் கேட்டு வச்சுக்குங்க.

ஒரு விஷயம், பத்திரிகைகள்ல பிஜிசி-1 ஆல்ஃபாவை "மாஸ்டர் ரெகுலேட்டர்"னு பட்டம் கொடுத்து எழுதுவாங்க. எனக்கு அந்தப் பட்டத்துல அவ்வளவா நம்பிக்கை இல்ல. அந்த ஜீனே இல்லாத எலியும் உயிரோட இருக்கு, ஓட விட்டா அதுக்கும் ஓரளவு மைட்டோகாண்ட்ரியா ஏறத்தான் செய்யுது. பெரிய ஆள்தான், ஆனா இவர் ஒருத்தரை நம்பி உடம்பு இல்ல.

சூரை மீனை வெட்டுனா நடுவுல கருஞ்சிவப்பா இருக்கு. கெட்ட ரத்தம், பழைய மீன்னு சொல்லி வெலையைக் கொறைக்கிறாங்க. காலையில எறக்குன மீனுக்கே இதைச் சொல்றாங்க. அது என்னான்னு எழுதிப் போடுங்க.
— முதுநகர்ல மீன் விக்கிற ஒரு அக்கா (அவங்க மகன் டைப் பண்ணி அனுப்புனது)

எழுதிப் போட்டுட்டேன் அக்கா, வெட்டுற எடத்துல ஒட்டி வச்சுக்குங்க. அது ரத்தம் தேங்கி நிக்கிறது இல்ல, அது ஒரு தனி வகைத் தசை. சூரையைக் குறுக்கால வெட்டுனா முள்ளெலும்பை ஒட்டி ரெண்டு பக்கமும் அந்தக் கருஞ்சிவப்புத் துண்டு இருக்கும், கானாங்கெளுத்தியில பாத்தீங்கன்னா அதே சிவப்பு உள்ள இல்லாம தோலுக்கு அடியில பக்கவாட்டுல பட்டையா ஓடும், உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. சூரை நிக்காம நீந்திக்கிட்டே இருக்குற மீன், நின்னா அதுக்கு மூச்சு கெடையாது. ராப்பகலா நீந்துறதுக்கு அந்தச் சிவப்புத் தசைதான் வேலை செய்யுது, வெள்ளைத் தசை திடீர்னு பாய்றதுக்கு. சிவப்புத் தசை முழுக்க மைட்டோகாண்ட்ரியா நெருக்கமா இருக்கும், அதுக்கு ஆக்சிஜன் கொண்டு குடுக்குற மையோகுளோபின் இருக்கும், ரெண்டுலயும் இரும்பு சேர்ந்த ஹீம் இருக்கு, அந்த நெறம்தான் அது. கோழியில லெக் பீஸ் கருப்பா நெஞ்சுக்கறி வெளுப்பா இருக்குறதும் இதே கணக்குதான்.

மேல சொன்ன பிஜிசி-1 ஆல்ஃபாவை 2002ல எலியோட வெளுப்புத் தசையில கூடுதலா ஏத்திப் பாத்தாங்க, வெளுப்புத் தசை கண்ணுக்கே தெரியுற மாதிரி செவந்து போச்சு, சீக்கிரம் களைப்படையவும் இல்ல. ஒரு ஃபேக்டர் மாறுனா கறியோட கலரே மாறும்ங்கறதுக்கு இதைவிட நல்ல சாட்சி வேணாம்.

வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. கருஞ்சிவப்பைப் பாத்து மீனை ஒதுக்காதீங்க, ஆனா ஐஸ் இல்லாம வெயில்ல கெடந்த சூரையை ஒதுக்குங்க, அதுல ஹிஸ்டமின் சேர்ந்துடும், கொழம்பு வச்சுக் கொதிக்க விட்டாலும் அது போகாது, மூஞ்சி செவந்து தடிச்சுப் போயிடும்.

"என்ஆர்எஃப்-2வைத் தூண்டி மைட்டோகாண்ட்ரியாவை இளமையாக்கும்"னு ஒரு மாத்திரை விளம்பரம் வாட்ஸ்ஆப்ல வருது. வாங்கலாமா?
— வாசகி, லாஸ்பேட்டை

வாங்காதீங்க. ஒரே மாதிரி பேர்ல ரெண்டு புரோட்டீன் இருக்கு. ஒண்ணு நான் மேல சொன்ன ஜிஏபிபி. இன்னொண்ணு என்எஃப்ஈ2எல்2ங்கற ஜீன்லேர்ந்து வர்றது, அதையும் என்ஆர்எஃப்-2ன்னுதான் எழுதுவாங்க, சொல்றப்ப நெர்ஃப்-2ம்பாங்க, அதோட முக்கிய வேலை விஷமுறிவு, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்குற என்சைம்களைக் கூட்டுறது. ஒண்ணோட ஆய்வை இன்னொண்ணோட பேருக்குக் கீழ போட்டு விக்கிறாங்க. தெரிஞ்சு பண்றாங்களா தெரியாம பண்றாங்களான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

இன்னொரு மாத்திரை ரெஸ்வெரட்ரால். 2006ல எலிக்குக் குடுத்து மைட்டோகாண்ட்ரியா கூடுச்சு, அது உண்மை. குடுத்த அளவு ஒரு கிலோ எடைக்கு தெனம் 400 மில்லிகிராம். எடைக்கு எடை போட்டா 60 கிலோ ஆளுக்கு 24 கிராம், டப்பா டப்பாவா முழுங்கணும். இதுக்கு மேல ஒரு வேடிக்கை, 2009ல ஜெர்மனியில மிக்கேல் ரிஸ்டோ குழு இளைஞர்களை நாலு வாரம் பயிற்சி பண்ண வச்சு பாதிப்பேருக்கு தெனமும் வைட்டமின் சியும் ஈயும் பெரிய டோஸ்ல குடுத்தாங்க. மாத்திரை சாப்பிட்டவங்களுக்குத்தான் பிஜிசி-1 ஆல்ஃபா ஏறவே இல்ல. ஓடுறப்ப உண்டாகுற அந்தக் கொஞ்சநஞ்ச ஆக்சிஜன் தொல்லையே தசைக்கு ஒரு சிக்னல், அதை மாத்திரை போட்டு அமுக்கிட்டா ஆர்டர் எங்கேர்ந்து போகும்? தேவை வந்தாத்தான் இந்த ஜீன்கள் அசையும், தேவை இல்லாத எடத்துல மாத்திரையை மட்டும் போட்டு ஏமாத்த முடியல இதுவரைக்கும்.

எங்க சொந்தத்துல ஒரு கொழந்தைக்கு லீ சிண்ட்ரோம், மைட்டோகாண்ட்ரியா கோளாறுன்னு சொல்லிட்டாங்க. மைட்டோகாண்ட்ரியா அம்மாகிட்டேர்ந்துதான் வரும்னு கூகுள்ல பாத்துட்டு எல்லாரும் அந்தப் பொண்ணைக் கரிச்சுக் கொட்டுறாங்க. அவ மாமன் மகனைத்தான் கட்டியிருக்கா. உண்மையிலேயே அம்மா காரணமா?
— பேர் வேண்டாம், பண்ருட்டி

அம்மா, இதை வீட்டுல எல்லாரும் இருக்குறப்ப சத்தமாப் படிச்சுக் காட்டுங்க. மைட்டோகாண்ட்ரியாவோட டிஎன்ஏ அம்மாவழி வரும், சரி. ஆனா மைட்டோகாண்ட்ரியாவோட நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது பங்கு புரோட்டீன் நியூக்ளியஸ் ஜீன்லேர்ந்து வருது, அந்த ஜீன் அப்பாகிட்ட ஒண்ணு அம்மாகிட்ட ஒண்ணு. கொழந்தைகளுக்கு வர்ற மைட்டோகாண்ட்ரியா நோய்ல பெரும்பகுதி நியூக்ளியஸ் ஜீன் கோளாறுதான். லீ சிண்ட்ரோமுக்கே 75 ஜீனுக்கு மேல காரணமா இருக்கலாம்னு கண்டிருக்காங்க, அதுல எஸ்யூஆர்எஃப்1னு ஒண்ணு இருக்கு, நாலாவது காம்ப்ளெக்ஸைப் பூட்டுறதுக்கு உதவுறது, அது நியூக்ளியஸ்ல இருக்கு. அந்த மாதிரி ஜீன்ல அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பழுதான காப்பியை வச்சிருப்பாங்க, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது, நல்லா இருப்பாங்க. கொழந்தைக்கு ரெண்டு பழுதும் ஒண்ணா வந்தாத்தான் நோய், ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு வாய்ப்பு. சொந்தத்துல கட்டுறப்ப ஒரே தாத்தாகிட்டேர்ந்து வந்த ஒரே பழுது ரெண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடும். அப்படிப் பாத்தா பேசுற மாமியாரும் மாமனாரும்கூட அந்தப் பழுதைக் குடுத்தவங்களா இருக்கலாம்.

அந்தக் கொழந்தைக்கு எந்த ஜீன்னு டெஸ்ட் பண்ணிப் பாக்காம யாரையும் கை காட்ட முடியாது. ரெண்டாவது கொழந்தைக்கு முன்னாடி ஜெனிடிக் கவுன்சலிங் போகச் சொல்லுங்க, புருஷனும் பொண்டாட்டியும் ரெண்டு பேரும் சேந்து, அவளை மட்டும் தனியா அனுப்பி வைக்காதீங்க.

ரத்தத்துல செவப்பணுவுக்கு யார் ஆர்டர் போடுறா?
— எட்டாம் வகுப்பு, வில்லியனூர்

யாரும் இல்ல. முழுசா வளர்ந்த செவப்பணுவுல நியூக்ளியஸும் கெடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கெடையாது. சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே ஒடச்சு, இருக்குற 120 நாளையும் ஓட்டிடும்.

எனக்கு சுகர். அப்பாவுக்கும் இருந்துச்சு. இந்த ஜீன் ஃபேக்டர் எல்லாம் அதுல வருதா?
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

வருது சார், ஆனா எந்த அளவுக்குன்னு இன்னும் சண்டை ஓடிக்கிட்டு இருக்கு. 2003ல வம்சி மூதா குழு 43 ஆண்களோட தொடைத் தசையை எடுத்துப் பாத்தாங்க, சுகர் இருக்குறவங்க, பார்டர்ல இருக்குறவங்க, இல்லாதவங்க. ஒவ்வொரு ஜீனாப் பாத்தா பெருசா எந்த வித்தியாசமும் இல்ல. பிஜிசி-1 ஆல்ஃபாவுக்குக் கட்டுப்பட்ட மைட்டோகாண்ட்ரியா ஜீன்களை ஒரு கூட்டமா எடுத்துப் பாத்தப்பதான், சுகர் இருக்குறவங்ககிட்ட கிட்டத்தட்ட எல்லாமே ஒண்ணுபோல கொஞ்சம், 20 சதவீதம் வாக்குல, எறங்கியிருந்துச்சு. ஒண்ணொண்ணாத் தேடியிருந்தா கோட்டை விட்டிருப்பாங்க, கூட்டமா எறங்குனதாலதான் மேல ஒரு ஆர்டர் தளர்ந்திருக்குன்னு புரிஞ்சுது. அதே வருஷம் இன்னொரு குழு, இன்னும் சுகர் வராத ஆனா குடும்பத்துல சுகர் இருக்குறவங்ககிட்டயும் பிஜிசி-1 கொறைஞ்சிருக்குன்னு பாத்தாங்க. இது சுகருக்குக் காரணமா, இல்ல உட்கார்ந்தே இருக்குறதோட, எடை ஏறுனதோட விளைவான்னு ரெண்டு கட்சி இருக்கு. எந்தக் கட்சி ஜெயிச்சாலும் உங்க பிள்ளைங்களைச் சில்வர் பீச்சுல தெனமும் ஓட விடுறதுல தப்பே இல்ல. மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க.

எல்லாம் நியூக்ளியஸ் சொல்றபடிதான்னா, மைட்டோகாண்ட்ரியா திருப்பிப் பேசவே பேசாதா?
— எம்.எஸ்சி. மாணவி, காலாப்பட்டு

பேசும். ஏஎம்பி ஏறுறது, கால்சியம் கசியறது, எல்லாம் அது போடுற மனுதான். ஆனா எனக்குப் பிடிச்சது புழுவுல கண்டுபிடிச்ச ஒரு ஏற்பாடு. சி. எலிகன்ஸ்னு ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு, அதுல ஏடிஎஃப்எஸ்-1னு ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர், அதுக்கு ரெண்டு விலாசம் ஒட்டியிருக்கு, ஒண்ணு மைட்டோகாண்ட்ரியாவுக்கு, இன்னொண்ணு நியூக்ளியஸுக்கு. மைட்டோகாண்ட்ரியா ஆரோக்கியமா இருந்தா அதை உள்ள இழுத்து அங்கேயே வெட்டிப் போட்டுடும், நியூக்ளியஸுக்கு ஒண்ணும் தெரியாது. மைட்டோகாண்ட்ரியா சீக்காகி உள்ள இழுக்குற சக்தி கொறைஞ்சா, இழுக்கப்படாத ஏடிஎஃப்எஸ்-1 வெளிய மிஞ்சும், ரெண்டாவது விலாசத்தைப் பாத்துட்டு நேரா நியூக்ளியஸுக்குப் போயி, ரிப்பேருக்கு வேண்டிய ஜீன்களை ஆன் பண்ணும். கோல் ஹேன்ஸ் குழு 2012ல இதைக் காட்டுனாங்க. தனியா ஒரு தூது தேவையில்ல பாத்தியா, வேலை கெட்டதே தகவலாப் போயிடுது.

பாலூட்டிகள்ல ஏடிஎஃப்5ங்கறது இதே மாதிரி நடந்துக்குதுன்னு 2016ல அதே குழு எழுதுனாங்க. ஆனா நம்ம செல்லுல ஏடிஎஃப்4ங்கற இன்னொரு ஃபேக்டர் வழியாவும் தகவல் போகுது, எந்தத் திசுவுல எது பெரிய ஆள்னு பாக்கறதுக்கு இன்னும் நெறைய வேலை பாக்கி. பிராஜெக்ட்டுக்கு டாபிக் தேடிக்கிட்டு இருந்தா உங்க கைடுகிட்ட இதைச் சொல்லிப் பாரு.